நாற்பதாவது

மே மாதம் கொடுத்தது நாற்பது போர்வை.
ஆகஸ்டில் எண்ண வந்திருக்கிறேன்.
எங்கள் லெசோத்தோவில் ஆகஸ்ட் என்றால் பனி.
மொகோட்லோங்கிலிருந்து மூன்று மணி நேரம் ஜீப்,
அப்புறம் கால்தான் வண்டி.

எனக்கு முன்னால் நடக்கிறாள் மமொசிலி,
இந்தச் சரிவின் பதினேழு வீடுகளுக்கும் தன்னார்வலர்.
சம்பளம் கிடையாது.
எங்கள் முத்திரை போட்ட தொப்பி ஒன்று கொடுத்திருக்கிறோம்.
அதில் முட்டை வைத்துக்கொண்டு வருகிறாள்.

"திட்டத்தால் பிள்ளையின் நலன் மேம்பட்டுள்ளதா?
மிகவும் / ஓரளவு / இல்லை."
புசெலெட்சோவுக்குப் பதினோரு வயது. குடும்பத் தலைவி.
கேள்வியை மறுபடி வாசிக்கச் சொன்னாள்.
தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்:
"எந்தப் பதில் சொன்னால் மறுபடி வருவீர்கள்?"

தலைமை அலுவலகத்துக்கு வேண்டியது ஒரு சதவீதம்.
முழுசாய் இல்லையென்றால் விசாரணை,
விசாரணை வந்தால் அடுத்த ஆண்டுப் பணம்
வேறு மலைக்குப் போகும்.

முப்பத்தேழு, கண்ணால் பார்த்தேன்.
தொட்டும் பார்த்தேன், விதி அப்படி.
ஒன்று குதிரையின் முதுகில்.
"கிளினிக்குக்குப் பிள்ளைகளைச் சுமக்கிறது,
அதற்கும் குளிராதா?" என்றார் கோவபானே.
இன்னொன்றைச் சண்டை ஓய
இரண்டாய்க் கிழித்திருந்தார்கள் ஓர் அண்ணனும் தம்பியும்.
டேப்லெட் அரையை ஏற்கவில்லை.
ஒன்று என்று போட்டேன்.

நாற்பதாவதைக் கேட்டதும்
மமொசிலி முட்டைகளைக் கீழே வைத்தாள்.
"வா."

கற்குவியல். சின்னது.
இடுக்குகளில் இன்னும் புல் பிடிக்கவில்லை.
"ஜூனில். தரை உறைந்து கிடந்தது,
கடப்பாரையை நாலு பேர் மாறி மாறிப் பிடித்தார்கள்.
அந்தக் குளிரில்
சும்மா எப்படி வைப்பது?"

காணாமல் போனதற்குக் காரணம்:
விற்றது. திருடு போனது. கிழிந்தது. மற்றவை.
மற்றவை என்றால் ஐம்பது எழுத்துக்குள் விளக்கம்.
என் விரல் விறைத்திருந்தது,
குளிரால் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன கேட்கிறது?" என்றாள். சொன்னேன்.
"காணாமல் போகவில்லையே.
யாரிடம் இருக்கிறதென்று தெரியுமே."

பின்னால் போய்
"பயன்பாட்டில் உள்ளது" என்பதைத் தொட்டேன்.

அடுத்த பக்கம் திறந்தது:
பயனாளியுடன் போர்வையின் புகைப்படம் கட்டாயம்.
கற்களைப் படமெடுத்தேன்.
தெளிவில்லை, மீண்டும் எடுக்கவும் என்றது.

அதற்குள் பனி விழத் தொடங்கியிருந்தது.
மீண்டும் எடுத்தேன்.