இந்தப் பக்கம் மேலே

பதினொன்று இருபதுக்குக் கடல் முழுக்க ஏறிவிடும்.
அதற்கு மேல் முக்கால் மணி நேரம்தான்.
பிறகு ஃபண்டி விரிகுடா
தன் தண்ணீரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடும்,
ப்வாரியே துறைக்குச் சேறு மட்டும் மிச்சம்.
ஆகவே சீக்கிரம், சீக்கிரம் என்று
ஒலிபெருக்கியில் கத்துகிறார்
மீன் தொழிற்சாலை யூதோர்.

எனக்கு மீட்புப் படகு.
கையில் நீளமாய் ஒரு துரட்டி.
முதலில் ஆளை இழுக்க வேண்டும்,
அப்புறம் அட்டையை.
வரிசை மாறக்கூடாது என்று
எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

அட்டை, ஒட்டும் நாடா, பெயிண்ட். அவ்வளவுதான் அனுமதி.
ஜெயிப்பவருக்குக் கோப்பை.
அழகாய் மூழ்குபவருக்கு ஓட்டை வாளி.
ஊரில் யாரைக் கேட்டாலும்
வாளிதான் பெரிது என்பார்கள்.

அன்செல்ம் தெவோவைத் தவிர.
இருபத்திரண்டு வருடமாய்க் கப்பல் தளத்தில்
எஃகுத் தகட்டை எஃகுத் தகட்டோடு சேர்ப்பவர்.
மூன்று வாரம் கராஜை விட்டு வெளியே வரவில்லை.
எட்டு ஃபிரிட்ஜ் பெட்டிகள், ஐந்து பூச்சு நீலம்.
லியோனி சாப்பாட்டுத் தட்டைக்
கதவுக்கு அடியில் தள்ளிவிட்டாளாம்,
சிறையில் கொடுப்பதுபோல.
படகின் மூக்கு இருக்கிறதே,
தடவிப் பார்க்கவே வரிசை நின்றது.

கோரலியும் ஜாஸ்லினும்
நேற்று ராத்திரி பீட்ஸா கடையை மூடிய பிறகுதான்
ஆரம்பித்தார்கள்.
நாற்பது டப்பா, கைக்கு வந்தபடி,
ஒன்று குறுக்கே ஒன்று நெடுக்கே.
படகின் பெயர் 'கூடுதல் சீஸ்'.
வாளிக்காகவே வந்தவர்கள்.
தலை தண்ணீருக்குள் போகும் கடைசி நொடியில்
சல்யூட் அடிக்க ஒத்திகையும் முடித்திருந்தார்கள்.

விசில்.

அன்செல்ம் மண்டியிட்டு
நாலு தரம் துடுப்புப் போட்டார்.
கோடு கிழித்ததுபோல் போனது படகு.
ஐந்தாவது தரம்
எஃகில் மண்டியிட்டே பழகிய முழங்கால்
அட்டையிலும் அப்படியே ஊன்றியது.
சத்தமே இல்லை.
டீயில் நனைத்த பிஸ்கட்
வாய்க்கு வரும் வழியில் எப்படிப் போகுமோ அப்படி.
முழங்கால் இரண்டும் கடலுக்குப் போய்விட்டன,
மீதி அன்செல்ம்
கொஞ்ச நேரம் படகில் இருந்தார்.

ஆகஸ்ட்தான்.
இந்தத் தண்ணீருக்கு மாதம் தெரியாது.
துரட்டியைப் பிடித்தவர் பல் கிட்டிக்கக் கேட்டார்,
"எந்த மூட்டு விட்டது? பார்த்தாயா?"
பின்னால் படகு மெல்லப் புரண்டது.
நீலம் உரிந்த இடத்தில்
'இந்தப் பக்கம் மேலே' என்று அச்செழுத்து,
கடலடியைக் காட்டும் அம்புக்குறி.
கரையில் கைதட்டல் ஓயவில்லை.

'கூடுதல் சீஸ்' மட்டும் மூழ்கவில்லை.
எழுந்து நின்று குதித்தார்கள்.
தொப்பியால் கடலை மொண்டு உள்ளே ஊற்றினார்கள்.
ஜாஸ்லின் ஓர் ஓரத்தைக் கடித்தே பார்த்தாள்.
அது பாட்டுக்கு மஞ்சள் மிதவையைச் சுற்றியது,
காற்று தள்ளத் தள்ளத் திரும்பி வந்தது.
மற்ற ஆறும் போய்விட்டிருந்தன.
எல்லைக் கயிற்றை அவர்கள் தாண்டியபோது
அப்படி இரண்டு துக்க முகங்களை
நான் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை.

மேடைக்குப் பின்னால்
கோரலி கோப்பையை நீட்டினாள்:
"மாற்றிக்கொள்ளலாமா?"
அன்செல்ம் வாளியை இறுக்கிக்கொண்டார்.
"மூழ்கினது நான்," என்றார்.

இரண்டு மணிக்குத் துறையில் தண்ணீர் இல்லை.
நான் சேற்றில் இறங்கி
ஊறின அட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தேன்.
கொஞ்சம் தள்ளி, போர்வையும் ரப்பர் பூட்ஸுமாய்
அன்செல்ம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து
பீட்ஸா டப்பாக்களை ஒவ்வொரு தாளாய்ப் பிரித்தார்.
நகத்தால் நெளிவைத் தொட்டார்.
குறுக்கே. நெடுக்கே. குறுக்கே.
லியோனி கரையிலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுக்
காரில் போய் உட்கார்ந்தாள்.
பிரித்ததையெல்லாம் வாளியில் போட்டார்.
ஓட்டை வழியே வழிந்தது,
நீலமும் தக்காளிச் சிவப்புமாய்,
அவர் நடந்த வழி நெடுக.