படிவம் ஏழு

மாகாண அலுவலகம் அனுப்பிய தாளில்
மூன்றே கட்டங்கள்.
ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம்.
சுல்பமாயாவை அதற்குள் மடித்து வைக்க வேண்டுமாம்,
வியாழக்கிழமை பஸ்ஸுக்குள்.

நிலம்.
கடல் மட்டத்துக்கு மேல்
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர்.
அளக்க வந்தவன் கொடிக்கம்பத்தடியில் நின்று அளந்தான்,
அதற்கு மேல் அவனால் ஏற முடியவில்லை.
கிளெமெந்தினா வீடு இன்னும் மேலே.
அவளிடம் கடன் கேட்கப் போகிறவர்கள்
வழியில் இரண்டு முறை உட்கார்ந்து எழுகிறார்கள்.
வாங்காமலே திரும்புகிறவர்களும் உண்டு.

மாதா கோயில் கூரையில் விழும் மழை
இரண்டாகப் பிரியும்.
கிழக்குப் பக்கத்துத் துளி
காடுகளுக்குள் புகுந்து,
ஆற்றுக்கு ஆறு பெயர் மாற்றிக்கொண்டு
கடைசியில் கடலைப் பார்த்துவிடும்.
மேற்குப் பக்கத்துத் துளி
உப்புத் தரையில் போய்
ஒன்றுமில்லாமல் ஆகும்.
எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் பிரிந்தார்கள்.
யார் எந்தப் பக்கம் என்று எழுத இடமில்லை.

பருவநிலை.
சந்தையில் நிழலும் வெயிலும் சந்திக்கும் கோட்டில்
வெங்காயம் விற்கிறாள் பஸீலியா.
ஒரு தோள் வேர்க்கிறது,
மறு தோள் நடுங்குகிறது.
இதை எத்தனை டிகிரி என்று எழுதுவது?
ஜூனில் உறைபனி.
அச்சடித்தவர்கள் அதைப் 'பேரிடர்' வரிசையில் போட்டிருந்தார்கள்,
வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் நடுவில்.
அடித்துவிட்டு
அடுத்த கட்டத்தில் எழுதினேன்.

பொருளாதாரம்:
உறைபனி.

வைக்கோலில் பரப்பிய கிழங்கை இரவெல்லாம் அது இறுக்கும்.
விடிந்ததும் வெறுங்காலால் மிதித்து
தோலையும் நீரையும் நாங்கள் பிழிந்தெடுப்போம்.
மூன்று இரவு, மூன்று விடியல்,
அதற்குப் பிறகு வெயிலின் முறை.
கூழாங்கல் போலக் கறுத்து, எடையற்றுக் கிடக்கும் சுன்யோ
பத்து வருடம் கெடாது.
இந்த ஊரில்
கூலி கேட்காமல் ராத்திரி வேலைக்கு வந்த ஒரே ஆள் அதுதான்.

மற்றவை:
இறக்கத்தில் பிரேக் சூடேறி நிற்கும் லாரிகள்.
அவை ஆறும் வரை ஓட்டுநர்கள் சூப் குடிப்பார்கள்.
நாலு குடும்பம் அந்தச் சூட்டில் பிழைக்கிறது.
மருந்துக்கடையில் ஆக்சிஜன் டப்பா.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கும் வெளியூர்க்காரர்களுக்குக்
காற்றையும் விற்கிறோம்.
ஈயச் சுரங்கம் மூடிக் கிடக்கிறது,
தண்டவாளத்தைக் கழற்றி ஆட்டுப்பட்டிக்கு வேலி போட்டாயிற்று.

போன வருடம்
பதினோரு இரவு காத்திருந்தோம்.
மேகம் வந்து ஊரைப் போர்த்திக்கொண்டது.
வேறு எந்த ஊரிலும் அதைக் கருணை என்பார்கள்.
மூன்று மணிக்கு டார்ச்சுடன் போய்
கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்தினாள் பஸீலியா.
விரல் உள்ளே போனது.
விரலை முகர்ந்து பார்த்தாள்,
பாவாடையில் துடைத்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
பன்றிக்காரன் வந்து மூட்டை ஐந்து காசுக்கு எடுத்துப்போனான்.
அந்த மாதம்
கிளெமெந்தினா வீட்டுக்கு ஏறியவர்கள்
வழியில் உட்காரவே இல்லை.

தாளின் கடைசியில் சின்ன எழுத்தில்
'வேலையற்றோர் எண்ணிக்கை' என்றிருந்தது.
மனசுக்குள் ஆட்களை எண்ணி, நாற்பத்தாறு என்று எழுதி,
கொஞ்சம் யோசித்து
நாற்பத்தேழு என்று திருத்தினேன்.

இனி முத்திரை.
ஜூனில் என் மைப்பெட்டி உறைந்துபோகும்.
அக்குளில் வைத்துச் சூடேற்றித்தான்
இருபது வருடமாகக் குத்திவருகிறேன்.
பாதி வட்டம்தான் விழும்,
ஊர்ப்பெயரில் முதல் மூன்று எழுத்து தெரியும்.
மாகாணத்தில் அதற்கே பழகிவிட்டார்கள்.

இன்று காலை மூடியைத் திறந்தேன்.
மை ஈரமாக இருந்தது.
வட்டம் முழுசாக விழுந்தது.
ஊர்ப்பெயர்,
நடுவில் லாமா,
அதன் காதுகள்கூட.