துகள்

பத்தொன்பது வருடம்
காலை ஐந்தரைக்குத் திருநீறு பூசி
ஆறு ஐம்பதுக்கு அழித்தேன்.

பாயான் லெப்பாஸில், மூன்றாம் மாடியில், சுத்த அறை.
வாசலில் கண்ணாடி, ஈரத்துணி,
நான்கு மொழியில் ஓர் அறிவிப்பு:
பவுடர் கூடாது, மை கூடாது, வாசனை கூடாது.
திருநீறு என்று எழுதியிருக்கவில்லை.
எழுதாமலே புரிந்தது.
ஒரு துகள் விழுந்தால்
ஒரு தட்டுச் சில்லுகளும் குப்பைக்கு.

துடைக்கும்போது
'கோவிச்சுக்காதே முருகா' என்பேன்.
வார நாட்களில் என் வழிபாடு மொத்தமும் அவ்வளவுதான்.
பிறகு உச்சி முதல் பாதம் வரை வெள்ளை அங்கி,
கண் மட்டும் வெளியே.
நோராய்னியும் நானும்
பத்தொன்பது வருடம் புருவத்தால் பேசிக்கொண்டோம்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்.
உணவறையில் எல்லாரையும் உட்காரவைத்து
மேலாளர் ஊய் ஒரு தாளைப் படித்தார்.
எங்கள் பிரிவு வியட்நாமுக்குப் போகிறது.
இயந்திரங்களைப் பற்றி இரண்டு பத்தி,
எங்களைப் பற்றி ஒன்று.
அவர் குரல் உடைந்தது.
அவர் பெயரும் பட்டியலில் இருந்ததாம்.
நோராய்னி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
'தவாக்கல், காக் கோதை' என்றாள்.
சூராவ் கதவோரம் செருப்பு மாட்டும்போது
அவள் வாயில் கேட்ட சொல்.

எங்கள் வீட்டில் அதைப்
'பாரத்தை அவன்மேல் போடு' என்பார்கள்.
போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கக்கூடாது.
எனக்கு அந்தப் பழக்கமில்லை.
பத்து மணிக்குப் போடுவேன்,
மூன்று மணிக்கு எழுந்து
எடுத்துக்கொள்வேன்.

வேலை போன முதல் நாள்
மத்தியானம் முகம் கழுவப் போனேன்.
கண்ணாடியில் மூன்று கோடும் அப்படியே.
பயந்துவிட்டேன்.
வேலை இல்லை என்பதை
எனக்கு முதலில் சொன்னது திருநீறுதான்.

உடம்புக்கு இன்னும் தெரியாது.
நான்கரைக்கு எழுப்பிவிடும்.
கீழே வேறு கம்பெனி பஸ் ஹார்ன் அடிக்கும்,
கால் தானாகச் செருப்பைத் தேடும்.
அந்த நேரத்தில்தான் அவன் முன்னால் உட்கார ஆரம்பித்தேன்.
பாட்டுத் தெரியாது, மந்திரம் தெரியாது,
என்ன கேட்பதென்றும் தெரியாமல்
கணக்கு நோட்டை எடுத்துப் படித்துக் காட்டினேன்.
வீட்டுக் கடன் எழுநூற்று முப்பது வெள்ளி.
பையன் விடுதிக்கு இருநூறு.
அவருடைய முதுகு வலிக்கு மாத்திரை, தொண்ணூறு.
நாற்பத்தாறு வயசுப் பொம்பளைக்கு வேலை,
அதற்கு நேராக ஒன்றும் எழுதவில்லை.
'ஏன்டா' என்றுகூட ஒரு நாள் கேட்டேன்.
அவர் எழுந்துவிடுவாரே என்று மெதுவாகத்தான்.

அவன் கூட்டவில்லை, கழிக்கவில்லை.
நான்தான் கூட்டினேன்.
தொகை மாறவில்லை.
பென்சில் பிடித்த கை மட்டும்
நடுங்காமல் இருந்தது.

நேற்று ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரி,
துணி வெளுக்கும் பிரிவுக்கு நேர்காணல்.
வாசலுக்கு வந்ததும்
கை கைக்குட்டையோடு நெற்றிக்குப் போய்விட்டது.
பத்தொன்பது வருடப் பழக்கம்.
பாதி துடைத்தபின்தான் நிறுத்தினேன்.
இங்கே யாரும் கேட்கவில்லையே.

அங்கேயே, பார்க்கிங் தூணோரம்,
ஒரு நினைப்பு வந்தது.
எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும்
புருவ மயிரில் ஏதாவது ஒட்டியிருக்குமே.
தினமும் ஒரு துகளாவது
அங்கிக்குள் என்னோடு உள்ளே வந்திருக்கும்.
பன்னிரண்டு மணி நேரம் கூட நின்றிருக்கும்,
எண்ணும் கருவிக்குத் தெரியாமல்.

சிரிப்பு வந்தது.
வரிசையில் முன்னால் நின்ற சீனத்தம்மா
திரும்பிப் பார்த்து அவரும் சிரித்தார், காரணம் கேட்காமல்.

வெள்ளிக்கிழமை சொல்கிறோம் என்றார்கள்.
வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்.

இன்றும் மூன்று மணிக்கு விழிப்பு வந்தது.
பாரத்தை எடுக்கத்தான் எழுந்தேன்.
எங்கே போட்டேன் என்று நினைவில்லை.
விளக்கைப் போட்டுத் தேடலாம்தான்.
அவர் தூங்குகிறார்.
படுத்துக்கொண்டேன்.