ஆளில்லா மிதி

ஆனி மாதம் பனகுடியில் எதையும் கீழே வைக்க முடியாது.
துணி பறக்கும், ரசீது பறக்கும்.
போன வருஷம் என் கடை போர்டே பறந்து
காற்றாலை வேலியில் போய் மாட்டியது.
இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு
காற்றைக் குழாயில் அடைத்துப் பிழைக்கிறேன்.
ஏர் பிரேக் மெக்கானிக்.

வந்து நின்றது ஒரு பழைய காலேஜ் பஸ்.
உள்ளே கட்டில், அடுப்பு, ஒரு தையல் மிஷின்.
பின்னால் இரும்புத் தண்டில் கோர்த்த சிவப்பு மாருதி.
இறங்கியவர்கள் செல்வகிரேஸ், எமரால்டு,
சமாதானபுரம் அக்கா தங்கை,
ஆஸ்பத்திரி நர்ஸ்களாக இருந்து ஓய்ந்தவர்கள்.

"பஸ் நிக்கி தம்பி, கார் நிக்க மாட்டேங்கு."
மூன்றடைப்புப் பக்கம் ஒரு ஆடு குறுக்கே வந்ததாம்.
ஆடு பிழைத்தது.
"முதுகுல கை வச்சு யாரோ தள்ளுன மாதிரி இருந்திச்சு"
என்றார் சின்னவர்.

ஓடாத இன்ஜினில் வாக்குவம் கிடையாது.
இரண்டு மிதிக்கு மேல் பெடல் கருங்கல்.
அதை மிதிக்கவும் உள்ளே ஆள் கிடையாது.
"நான் வேணா உள்ள இருந்துக்கிடுதேன்" என்றான் நாகூர்கனி.
அவனைப் பாட்டரி கழுவ அனுப்பினேன்.

மூன்று நாள் வேலை.
பஸ்ஸின் கால் வால்விலிருந்து ஒரு கிளை பிரித்து,
சேசிஸ் ஓரமாய் இழுத்து,
பின் பம்பரில் ஒரு கப்ளிங்.
அங்கிருந்து சுருள் ஹோஸ், கார் மூக்கு வழியாய்
டிரைவர் காலடிக்கு.
அங்கே முழங்கை நீளம்கூட இல்லாத சிலிண்டர்,
பெடலின் கழுத்தைப் பிடித்தபடி.
பஸ்ஸில் கால் தொட்டால் இதுவும் தொடும்,
அழுத்தினால் அழுத்தும்.
எட்டுக் கிலோவையும் அப்படியே கொடுத்தால் டயர் அலறும்.
ரெகுலேட்டரைக் கால் திருகு, அரைக்கால் திருகு.
"டிரிப்பு இறக்குத மாதிரியே இருக்கு" என்றார் எமரால்டு.

சோப்பு நுரை தடவினேன்.
ஒரு யூனியனில் ஒரே ஒரு குமிழ்,
கடுகளவு, நின்று நின்று பெருத்தது.
நான் விட்டிருப்பேன்.
"நைட் டூட்டில இவ்வளவுதான் கசியும்.
விடிஞ்சா கட்டில் காலியா இருக்கும்."
யூனியனைக் கழற்றி
வேறு போட்டேன்.

வள்ளியூர்ப் பாலத்தில் விடியற்காலை.
அக்கா ஓட்ட, பைக்கில் பின்னால் நான்.
காரில் ஸ்டியரிங் தானாய்த் திரும்புகிறது.
சீட்டில் ஒரு துவாலை மட்டும்.
இறக்கத்தில் பஸ் வேகம் குறைய,
யாருமற்ற காரின்
இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன.
முந்திப்போன தோவாளைப் பூ வேன்காரன்
கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து
அப்புறம் திரும்பிப் பார்க்கவேயில்லை.

கடைசிச் சோதனைக்கு
சங்கிலி முனையிலுள்ள பின்னை உருவச் சொன்னேன்.
தண்டு ஒடிந்து பஸ் போய்விட்டால்
காருக்குள் ஒரு சின்ன டாங்கி,
தன் காற்றையெல்லாம் ஒரே மிதியாய் மிதித்துவிடும்.
எமரால்டு உருவினார். டப்.
மூன்று பேர் சேர்ந்து தள்ளினோம். அசையவில்லை.

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"
"காத்து இருக்குத வரைக்கும்."
"அதுக்கப்புறம்?"
"அதுக்குள்ள நீங்க திரும்பி வந்திரணும்."
அக்கா தங்கையைப் பார்க்கவில்லை.
பின்னை வாங்கி, துடைத்து,
அவரே திரும்பச் சொருகினார்.

கணக்கில் இருநூறு குறைத்துக்கொண்டு
வடக்கே போனார்கள்.
டாங்கி நிறைய பனகுடிக் காற்று.
நாங்குநேரி டோல்கேட்டில் பாதி புஸ்ஸென்று போயிருக்கும்.
அப்புறம் எந்த ஊர்க் காற்றோ,
கம்ப்ரசர் கேட்பதில்லை.

குமிழ் விட்ட அந்தப் பித்தளை யூனியனைத்
தூக்கிப் போடவில்லை.
ரசீதுகளின்மேல் வைத்திருக்கிறேன்.
கனம் போதாது.