நாற்பது நிமிடத்துக்குக் கோடு இல்லை

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
கார் நின்ற இருபத்திரண்டு நிமிடத்தை
'பயணம்' என்று எழுதிக்கொள்ளலாம்.
அதற்குக் கோடு உண்டு: டி நாலு.
மன்னார்குடி லாட்ஜில் நெட் போய்
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல்
லேப்டாப்போடு ஏறி உட்கார்ந்த ராத்திரி
'உள்கட்டமைப்புச் சிக்கல்', ஐ ரெண்டு.
டிபன் சாப்பிட்டுக்கொண்டே பேசினால் 'குழுக் கலந்துரையாடல்'.
பேசாமல் சாப்பிட்டால் சொந்தச் செலவு.

நாங்கள் மூன்று பேர்.
கூத்தாநல்லூர் நஸ்ரின்,
பேசிப் பேசியே எந்தப் பதிவேட்டையும் வாங்கிவிடுவாள்.
நாகர்கோவில் ஃபெலிக்ஸ்,
ஸ்லைடில் ஓர் அம்புக்குறி கோணினால்
விடியும்வரை நிமிர்த்துவான்.
நான் எக்செல்.
திரைக்குள் நாலாவதாக, பெங்களூரிலிருந்து மாளவிகா மேடம்.
மியூட்டை எடுக்க மறந்துவிட்டுத் திட்டுவார்;
உதடு பார்த்தே திருத்திக்கொள்வோம்.

வேலை இதுதான்:
கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டைக்கு எத்தனை நிமிடம்.
தூற்ற, ஈரம் பார்க்க, நிறுக்க, தைக்க, அடுக்க.
ஸ்டாப்வாட்ச் நஸ்ரினின் கட்டைவிரலடியில்.
சுமைதூக்குவோர் பன்னிரண்டு பேர்.
சிவப்புக் கட்டம் என்றால் சும்மா இருக்கிறார்கள்.
ஐயாறு பீடி பற்றவைத்தால் சிவப்பு.
சிங்காரவேலு துண்டை உதறினால் சிவப்பு.
சாக்கு வரவில்லை என்று எல்லாரும் உட்கார்ந்திருந்த மதியம்
என் திரை முழுக்க மிளகாய் காயப்போட்ட மாதிரி.

"எங்களத்தான் எண்ணுறீங்களா?" என்றார் ஐயாறு.
"மூட்டையை" என்றேன்.
"அத நாங்களே எண்ணித்தானே அடுக்குறோம்."

புதன்கிழமை மூணே காலுக்கு
கோரையாற்றுப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது.
களத்தில் குறுவை நெல், குவியல் குவியலாக,
இன்னும் அளக்காதது.
தார்ப்பாய் நாலு. ஆள் போதவில்லை.
எங்களை யார் கூப்பிட்டது என்று தெரியாது.
யாரும் கூப்பிடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
ஃபெலிக்ஸ் ஷூவோடு ஒரு மூலையைப் பிடித்திருந்தான்.
நஸ்ரின் துப்பட்டாவை இடுப்பில் செருகி
மணல்மூட்டை இழுத்தாள்.
என் மூலை காற்றில் திமிறியது.
"விடாத, மண்டி போடு, மேல ஏறி உக்காரு" என்று
யாரோ யாரையோ, ஏக வசனத்தில்.
உட்கார்ந்தேன்.
தார்ப்பாய்க்கு அடியில் நெல்
மாட்டு முதுகு போல வெதுவெதுவென்று இருந்தது.
பையில் போன் அதிர்ந்துகொண்டே கிடந்தது:
மூன்றரை, வாராந்திர மீட்டிங்.

போன மார்ச்சில் கடற்கரை ரிசார்ட் ஒன்றில்
குழு உணர்வுப் பயிற்சி நடந்தது.
கண்ணைக் கட்டிக் கயிறு இழுத்தோம்,
சேமியாவில் கோபுரம் கட்டினோம்,
'ஒரே படகு' என்று அச்சடித்த டி-ஷர்ட் கொடுத்தார்கள்.
அந்த இரண்டு நாளுக்குக் கோடு இருந்தது.

ராத்திரி நேரப்பட்டியல் நிரப்பும்போது
இந்த நாற்பது நிமிடம் எதிலும் அடங்கவில்லை.
ஃபெலிக்ஸ் 'வாடிக்கையாளர் உறவு' என்று போட்டான்.
நஸ்ரின் 'பயிற்சி' என்று போட்டாள்.
நான் காலியாக விட்டேன்.
மென்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை,
என் பெயருக்கு நேரே
சிவப்புக் கட்டம் போட்டுக் காரணம் கேட்டது.

ஸ்லைடு பதினேழில் ஏற்கெனவே இருக்கிறது:
தையல் மெஷின் வந்தால் பன்னிரண்டு எட்டாகலாம்.
கணக்கு சரிதான். மூன்று தடவை பார்த்தேன்.
அடியில் பொடி எழுத்தில்
'மழை நாள் நீங்கலாக' என்று சேர்த்தேன்.
மறுநாள் சாயங்காலம் அதைப் பார்த்த மாளவிகா மேடம்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
இந்தத் தடவை மியூட்டில் இல்லை.
"வருஷத்துல அங்க எத்தனை மழை நாள்?"

ஃபெலிக்ஸ் வானிலைத் தரவு இறக்கத் தொடங்கினான்.
நஸ்ரின் ஐயாறுக்குப் போன் போட்டாள்.
ரிங் போய்க்கொண்டே இருந்தது.
லாட்ஜ் ஜன்னலுக்கு வெளியே
பிடிக்க ஆரம்பித்திருந்தது.