கட்டைவிரல் அளவு

லோர்ன் ராஃபியூஸுக்கு இடுப்பெலும்பு முறிந்தது
ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி.
ஏணியிலிருந்து விழவில்லை, கூரையிலிருந்து விழவில்லை.
தன் பரங்கிக்கொடியை மிதிக்காமல் தாண்டப்போய்.

அன்று மாலையே கிளப் கூடியது,
தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில்.
பதினோரு பேர், ஒரு பொட்டலம் பிஸ்கட்.
யாருக்கு எந்தக் கிழமை என்று டெல்ஃபீன் பலகையில் எழுதினாள்.
எனக்குச் செவ்வாயும் வெள்ளியும்.
நான் அவனுக்குப் போட்டிக்காரி என்று
யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஃபண்டி வளைகுடாவின் மூடுபனி
காலை பத்துவரை கலையாத எங்கள் ஊரில்
கொடிக்கு ஒரு காய்தான்.
மற்ற பிஞ்சுகளைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும்.
பெண்பூவை முந்தின இரவே நூலால் கட்டிவைத்து,
விடிந்ததும் ஆண்பூவின் இதழ்களைப் பிய்த்துக்கொண்டு
வண்டுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.
கல்யாண வேலை மாதிரிதான்:
தூக்கம் கெடும், யாராவது கோபித்துக்கொள்வார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாளைக்கு நாற்பது பவுண்டு ஏறும்.
காது வைத்தால் வளர்கிற சத்தம் கேட்கும் என்பான் மர்டோ.
வைத்துப் பார்த்திருக்கிறேன்.
கேட்டது என் ரத்தம்.

லோர்னின் காய்க்குத் தண்ணீர் விட்டேன்.
டைனோசர் படம் போட்ட படுக்கைவிரிப்பை
அதன்மேல் நிழலுக்குப் போர்த்தினேன்.
நாடாவை மூன்று திசையிலும் சுற்றி அளந்து
ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.
எண்ணைக் கேட்டதும் அவன் மூச்சு மாறும்.
என் காயின் எண்ணை அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

செப்டம்பர், இரண்டாவது வெள்ளி.
அடிவயிற்றில், மணல்மேட்டுக்குச் சற்று மேலே
ஓர் ஓட்டை.
என் கட்டைவிரல் உள்ளே போனது.
ஈரம். வெள்ளரி வாசனை.

விதி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்:
உள்கூடுவரை ஓட்டை விழுந்த காய்
தராசில் ஏறலாம், பலகையில் பெயர் ஏறாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு.
நான் மறைத்தது காயை அல்ல,
அதில் இல்லாமல்போன கொஞ்சத்தை.
அதற்குச் சோறு வேண்டாம்,
ஓர் இலையை இழுத்துவிட்டால் போதும்.

சுற்றளவைச் சொன்னேன்.
"வேறென்ன?" என்றான்.
"மூடுபனி" என்றேன்.

அக்டோபரில் டிராக்டர் வந்தது,
எட்டுப் பட்டைகள் கட்டித் தூக்கினார்கள்.
லோர்ன் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி நின்றான்.
தராசு சொன்னது: ஆயிரத்து நானூற்று முப்பத்தொன்று.
என்னுடையதைவிடப் பதினோரு பவுண்டு அதிகம்.
கைதட்டல் ஓய்வதற்குள்
நடுவர் டார்ச்சோடு மண்டியிட்டார்.
அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

ரிப்பனை என் கோட்டில்தான் குத்தினார்கள்.
ஊசி சட்டைவரை இறங்கியது.

மறுநாள் ஏரியில் படகுப் போட்டி.
பரிசு பெறாத காய்களின் மேல்பக்கத்தை அறுத்து,
சதையை வழித்தெடுத்து, ஆள் ஏறித் துடுப்புப் போடுவது.
லோர்னின் காயை ஓட்ட ஆள் தேடினார்கள்.
"அவள் ஏறட்டும்" என்றான் அவன்,
என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்து.
"ஓட்டை எங்கே என்று அவளுக்குத்தான் தெரியும்."

யாரோ பிஸ்கட் கடிக்கிற சத்தம்.

ஒயின் பாட்டில் கார்க், சுற்றிலும் மெழுகு.
முழங்கால்வரை நாரும் வழவழப்பும்.
ஏரியின் நடுவில் கார்க் கழன்றது.
ஒரு கையில் துடுப்பு,
மறு கையின் கட்டைவிரலால் ஏரியை அடைத்துக்கொண்டு
ஒரே இடத்தில் வட்டமடித்தேன்.
குழந்தைகளுக்கு ஏகக் கொண்டாட்டம்.
கரையில் லோர்ன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்;
வலித்திருக்கும்.

கடைசியாகத்தான் கரை சேர்ந்தேன்.
வீட்டில் காலுறையைக் கழற்றியபோது
ஐந்து விதைகள்.
ஞாயிற்றுக்கிழமை இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
"இவ்வளவுதானா?" என்றான்.
இவ்வளவுதான் என்றேன்.