மேற்படியாரின் தம்பி

எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்.
1743 வரிப்பட்டியலில் மக்கெல்ஹேனி,
மாவு ஆலையின் கடன் ஏட்டில் மக்லேனி,
கல்லறையில் ஹேனி மட்டும்;
மீதியை மழை தின்றுவிட்டது.
மூவரும் ஒருவரே என்று நிரூபிப்பதற்குள்
எனக்கு இரண்டு கோடை போயிற்று.
வெண்டெலுக்குப் பொறுமை போயிற்று.

லார்ன் துறையில் ஏறியிருக்கிறார்.
அந்தக் கப்பல்கள்
அயர்லாந்துக்குப் போகையில் ஆளி விதை ஏற்றும்,
திரும்பி வருகையில் ஆள்.
விதைக்கு ஈரம் படக்கூடாது என்று
கித்தான் விரித்தார்களாம்.

வீட்டில் சொன்ன கதை சின்னது:
ஆர்ச்சிபால்ட் தனியாக வந்தார்,
ஒரு கோடரி, ஒரு பைபிள், அரை மூட்டை ஓட்ஸ்,
காடு அழிந்தது, நாங்கள் வந்தோம்.
அப்பா சொல்லச் சொல்ல
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
கோடரி ஒரு விரற்கடை வளர்ந்தது.

கல்பர்ன் கவுண்டி நீதிமன்றம், நிலவறை.
பேனாவைப் பிடுங்கிக்கொண்டு
பென்சில் தந்தாள் டெல்ஃபின்.
கிரயப் பத்திரம் இப்படிப் போகிறது:
வெள்ளை ஓக்கில் தொடங்கி வடக்கே நாற்பது கோல்,
ஓடை திரும்பும் இடத்து இரட்டை ஹிக்கரி,
அங்கிருந்து இந்தியரின் பழைய வயலை ஒட்டி
மேற்படியாரின் வேலி வரை.
யாருடைய பழைய வயல்?
எழுத்தர் நிற்கவில்லை,
அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த கட்டில் ஒரு வழக்கு.
1752, மே. அவதூறு.
வாதி, மேற்படி ஆர்ச்சிபால்ட்.
பிரதிவாதி, க்ரிஸல் டன்வுடி, விதவை, நூல் நூற்பவள்.
ஆலை வாசலில் பலர் கேட்க அவள் சொன்னது:
"கப்பல் கூலிக்குத் தம்பியை விற்றவனே,
எடைக்கல்லை நீயா சோதிக்கிறாய்?"

தம்பி.

ஐந்து வருட ஒப்பந்தம்,
டெலவேர் ஆற்றங்கரையில் தோல் பதனிடும் ஒருவரிடம்.
சாட்சிகள் இருவர் ஆமாம் என்கிறார்கள்.
இருந்தும் தீர்ப்பு வாதிக்கே:
உண்மையானாலும் சந்தையில் சொல்லத் தகாது.
ஐந்து ஷில்லிங்.
வார்த்தையைத் திரும்பப் பெற மாட்டேன் என்றவள்
அபராதத்தை நூலாகக் கட்டினாள்,
ஒன்பது கண்டு.
அந்தக் கண்டுகளைக்கூட எண்ணி எழுதியவர்
தம்பியின் பெயரைக் கேட்கவில்லை.
மேற்படியாரின் தம்பி. அவ்வளவுதான்.

நான் இவள் வழியில் வந்திருக்கக்கூடாதா என்று
சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.
டெல்ஃபின் நிமிர்ந்து பார்த்தாள்.
அப்புறம் 1766 திருமண ஏடு:
ஆர்ச்சிபால்டின் இரண்டாம் மகன்,
க்ரிஸலின் கடைசி மகள்.
வழக்குப் போட்டவரும் வாய் விட்டவளும்
ஒரே தொட்டிலை ஆட்டியிருக்கிறார்கள்.
எங்கள் வீட்டு விருந்துகள்
ஏன் எப்போதும் அப்படியே முடிகின்றன என்பது
ஒருவாறு விளங்கியது.

"ஆள் கிடைத்தாரா?" ஐந்து மணிக்கு விளக்கை அணைத்தபடி கேட்டாள்.
ஒருவர் கிடைத்தார்.
இன்னொருவரை விற்றுவிட்டோம்.

ஓக் நின்ற இடத்தில் சோயா.
ஓடை தன் வளைவை
பத்திரத்தைக் கேட்காமல் மாற்றிக்கொண்டிருக்கிறது.
நாற்பது கோல் நடந்து பார்த்தேன்;
இருபத்தெட்டில் யாரோ ஒருவரின் நாய் குரைத்தது.
குனிந்து ஒரு கல்லை எடுத்தேன்,
எதற்கு என்று தெரியாமல் திரும்ப வைத்தேன்,
அதே குழியில், அதே முகம் கீழாக.

காரில் வெண்டெல் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.
அடுத்த கோடைக்கு டெலவேர் என்றேன்.
தோல் பதனிடுகிறவர்கள் ஏடு வைத்திருப்பார்கள்,
தோலை எண்ணியிருப்பார்கள்,
சுண்ணாம்பை எண்ணியிருப்பார்கள்,
ஆளையும் எங்கேயாவது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
இறங்கிப் போய்
இன்ஜின் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்.